செவலையும் கறுப்பனும்

வண்டியை வாசலில் நிறுத்தியதும் அவர் உடனே இறங்க மாட்டார். இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, அப்படியே இருப்பார். புடவை கட்டிய பெண் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தால், கீழே இறங்கி மடிப்பைச் சரிசெய்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகும். பின் சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவார்.

சிவப்பு வண்டியில் வந்தால்தான் இப்படி. கறுப்பு வண்டியில் வந்தால் எல்லோரையும் போலச் சட்டென்று இறங்கிவிடுவார்.

எங்கள் தெருவில் அவரை 'ரெண்டு வண்டிக்காரர்' என்பார்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளில் அங்கே ஒரு வண்டி வைத்திருப்பதே பெரிய விஷயம். அவர் இரண்டு வைத்திருந்தார். இரண்டும் நூறு சி.சி. ஜப்பான் கம்பெனிகள் இரண்டு, ஒன்றையொன்று ஜெயிப்பதற்கென்றே இங்கே இறக்கிய வண்டிகள். அந்தக் காலத்து இளவட்டங்கள் அதற்காகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். அவர் கம்பெனிப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். மாட்டைச் சொல்வதுபோலச் சிவப்பைச் செவலை என்பார், மற்றதைக் கறுப்பன் என்பார்.

காலையில் இரண்டையும் கிளப்புவார். முதலில் செவலை, பிறகு கறுப்பன். எதிர் வீடு எங்களுடையது. பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிகிற அந்த நீலப் புகை எங்கள் வாசல்வரை வரும். அந்தப் புகையில் உட்கார்ந்துதான் நான் பத்தாவது படித்தேன், பன்னிரண்டாவது படித்தேன். எங்கள் வீட்டில் பேனா வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கே கையெழுத்து கேட்டாலும் கட்டை விரலைத்தான் நீட்டுவார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான்.

அவருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. ஒரு கடை டீயைக் குடித்தால் அடுத்த கடை டீயைப் பேச்சுக்கு இழுப்பார். ஒரு பஸ்ஸில் ஏறினால் இன்னொரு பஸ்ஸைப் பற்றிப் பேசுவார். நான் பன்னிரண்டாவது தேறியபோது அப்பா வெல்லம் வாங்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "போன வருசம் நாட்டாமை வூட்டுப் பையன் பாஸ் பண்ணப்போ லட்டு குடுத்தாங்க. லட்டு நல்லாத்தான் கீது. ஆனா பையன் ரெண்டு தபா எழுதினான். வெல்லம் ஒரே தபா." அன்றிலிருந்து என்னை 'காலேஜு' என்றுதான் கூப்பிட்டார்.

ஆனால் எல்லா ஒப்பீடும் சுற்றிச் சுற்றி வண்டியில்தான் வந்து நிற்கும். டீக்கடை பெஞ்சில் யாராவது சும்மா கிளப்பிவிடுவார்கள்.

"ஏம்பா, நெசமாத்தான் சொல்லு. எது நல்ல வண்டி?"

"செவல இன்னா தெரியுமா, கூப்ட்டா ஏந்து ஓடிவர்ற புள்ள மாதிரி. கால வச்சா போதும். நீ வேட்டிய மடிச்சிக் கட்றதுக்குள்ள ஓரிக்கைப் பாலத்துல இருக்கும். கறுப்பன் அப்டி இல்ல. மொதல்ல யோசிக்கும். ஆனா ஓட ஆரமிச்சிட்டா ஒடம்புல ஒரு ஆட்டம் கெடையாது."

"மைலேஜு?"

"மைலேஜு பாக்கறவன் டி.வி.எஸ்.ல போவணும். சீட்டு கறுப்பனுக்கு நீளம். பின்னாடி குந்திக்கினு வர்றவங்களுக்கு முதுகு வலிக்காது. ஓட்றவனுக்கு செவல, ஒக்காந்துக்கினு வர்றவங்களுக்கு கறுப்பன்."

ஒரு வாய் டீ குடிப்பார். பிறகு டம்ளரைப் பார்த்தபடியே முடிப்பார்: "பிரேக்கு கறுப்பனுக்குத்தான்."

வேர்க்கடலை பிடிக்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவன், விஷயம் தெரியாமல், ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பொண்டாட்டி கட்னவன்கூட இப்டி அல்லாட மாட்டான்பா."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரவர் காலைப் பார்த்தார்கள். பால் வாங்கப் போயிருந்த நான் தூக்குவாளியோடு நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒண்ணுதான் கட்னேன்" என்றார். "வண்டி வாங்கப் போனப்போ அது ரெண்டு சீட்டுலயும் குந்திப் பாத்துச்சு. அதுக்கு கறுப்பன்தான் புடிச்சிது. நான்தான் செவலைய எடுத்தேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

செவலை விழுந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். தை கடைசி. எங்கள் பக்கத்தில் கொள்ளு பிடுங்கும் காலம். பிடுங்கிக் காயவைத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் அதன் மேல் ஏறி ஏறிப் போகும். நெற்று உடைந்து கொள்ளு உதிரும். மத்தியானம் ஒரு தரம் புரட்டிவிட்டு, சாயங்காலம் சக்கையை ஒதுக்கி மணியைக் கூட்டி அள்ளுவோம். காவாந்தண்டலம் போனாலும் அப்படித்தான், எங்கள் ஊரிலும் அப்படித்தான். அதற்குக் களம் வேண்டாம், மாடு வேண்டாம். ரோடு எல்லோருக்கும் பொது.

அன்று காலை அவரும் மனைவியும் தங்கள் கொள்ளுச் செடியை ஏரிக்கரை ரோட்டில் பரப்பினார்கள். பிறகு மனைவிக்குப் பல் வலி என்று செவலையில் காஞ்சிபுரம் போனார்கள். வீட்டில் அவருடைய மாமியார் மட்டும் இருந்தார். ஒரே மகள் என்பதால் மாமியார் அவர்களோடுதான் இருந்தார். நான் அந்த அம்மாவைப் பெரிம்மா என்று கூப்பிடுவேன்.

வெயில் தாழ்ந்து திரும்பி வரும்போது, மதகுக்குப் பக்கத்து வளைவில் வண்டி படுத்துவிட்டது. அவருக்கு முழங்கை ஒடிந்தது. மனைவியின் தலை மதகுக் கல்லில் பட்டது.

சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. நான் பார்த்தபோது ரோடு சுத்தமாக இருந்தது. யாரோ துடைப்பத்தோடு நின்றிருந்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது ஊரே ஒரே பதில் சொன்னது: பிரேக்கு புடிக்கல, வளைவுல வண்டி சாஞ்சிடுச்சு. செருப்பில்லாத என் பாதத்தில் இரண்டு கொள்ளு ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அம்மா அதைத் தட்டிவிட்டு, "வாயத் தொறக்காத" என்றாள். ரோட்டில் கொள்ளு போடாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாமியார் சோற்றை விட்டுவிட்டார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும், என் அம்மா தினமும் போய் மடியில் தலையைச் சாய்த்து வைத்துக் கஞ்சியை ஊற்றிவிட்டு வருவாள். பாதி கன்னத்தில் வழிந்துவிடும். "இன்னும் கொஞ்ச நாளுதான்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

கைக்கட்டைப் பிரித்ததும் அவர் எங்கேயோ போய், பழைய கறுப்பு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஊர் திகைத்தது. அன்று சாயங்காலமே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். வளைவுக்கு முன்னால் நேராக வந்து, ஒரே இடத்தில் பிரேக்கை அழுத்தி, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். வீட்டுக்கு வந்து, உள்ளே படுத்திருந்த மாமியாருக்குக் கேட்கும்படி சொன்னார்:

"அத்த, கறுப்பன் மதகுக்கு இந்தாண்டயே நின்னுட்டுது. செவல தாண்டிப் பூடுது. வண்டிதான் அத்த. நான் எடுத்த வண்டிதான் தப்பு."

அன்று ராத்திரி அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாராம். என் அம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு வருடக்கணக்காக அது நடந்தது. நினைத்துக்கொண்டால் சாயங்காலத்தில் இரண்டு வண்டியும் ஏரிக்கரைக்குப் போகும். அங்கே எழும் கிறீச்சென்ற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மாடுகள்கூட அதற்குப் பழகிவிட்டன. நான் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் முடிந்த பிறகு, அடுத்து ஒரு சத்தம் வரவேண்டும் என்பதுபோலக் காது காத்திருக்கும். பிறகு அவர் வருவார், சாய்த்துக்கொண்டு நிற்பார், இறங்குவார். "அத்த, இன்னிக்கும் அப்டித்தான்." உள்ளேயிருந்து பதில் வரும்: "சரி, கைய கழுவிக்கினு வா." தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஊர் கொள்ளு போடுவதை நிறுத்தவில்லை. மதகிலிருந்து தள்ளிப் போட்டது, அவ்வளவுதான். டயரில் ஒட்டி வருகிற மணிகள் வளைவில் உதிர்ந்து, மழை பெய்தால் ரோட்டோரத்தில் முளைக்கும். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். ஆட்டுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அவர் வீட்டில் ஆடே கிடையாது.

நான் காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படித்தபோது, தெருக்குழாயில் ஒரு சண்டை வந்தது. குடம் வைக்கிற சண்டைதான். பெரிம்மா நடுவே போய், "வரிசையில வெச்சவள மொதல்ல புடிக்க வுடுமே" என்றார். வரிசையை மீறிக் குடம் வைத்தவள் திரும்பி ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாள்:

"கொள்ள இழுத்துப் போட்டு பெத்த பொண்ண வாரிக் குடுத்தவ, எனக்கு ஞாயம் சொல்ல வந்துட்டியா?"

பெரிம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்கவில்லை. மருமகன் தினமும் ஏரிக்கரைக்குப் போனார். முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் தேர்ந்தெடுத்த வண்டி மனைவியைக் கொன்றுவிட்டது என்று இந்த மனிதர் இத்தனை வருடமாகத் தன்னையே அடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். உராய்வு என்கிற பாடத்தை அப்போதுதான் நடத்தி முடித்திருந்தார்கள். எனக்குத் தெரியும், நான் சொல்லி அவரை விடுவிக்க முடியும் என்று தோன்றியது. போனேன். வாசலில் செவலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பிரேக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லண்ணா. ரோட்டு மேல கொள்ளு..."

அவர் சட்டென்று வண்டியை உதைத்துக் கிளப்பி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினார். என் வார்த்தை அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. அவர் கண் என் மேல் இல்லை, வீட்டு நடையின் மேல் இருந்தது. உள்ளே யாரும் எழுந்து வரவில்லை என்று தெரிந்த பிறகே வண்டியை அணைத்தார்.

"வா காலேஜு. மதகாண்ட பேசலாம்."

நடந்தே போனோம். வளைவில் நின்றதும், "இன்னா சொன்ன, இப்ப சொல்லு" என்றார்.

"கொள்ளு வழுவழுன்னு இருக்கும்ணா. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல அது வந்துட்டா எந்த வண்டியும் நிக்காது. செவலையும் நிக்காது, கறுப்பனும் நிக்காது. நீங்க எத எடுத்திருந்தாலும் அப்டித்தான் ஆயிருக்கும்."

"தெரியும்."

ரோட்டோரத்தில் புதைத்திருந்த ஒரு உடைந்த செங்கல்லைக் காலால் தொட்டுக் காட்டினார். "ரெண்டு வண்டிக்கும் இந்த ஒரு கல்லுதான். ரெண்டும் இங்கதான் நிக்கும். மொத நாளே பாத்துட்டேன். இன்னொரு கல்லு பொதைக்க வேலையே வரல."

நான் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தேன்.

"காலைல நாங்க அந்தாண்ட நேர் ரோட்டுலதான் போட்டோம். மத்தியானம் அத்த வந்து பெரட்டிச்சு. மரத்து நெழல் வுழுதுன்னு, வெயில்ல நல்லா காயட்டும்னு, இந்த வளைவுக்கு இழுத்துப் போட்டுட்டுப் போச்சு. போட்ட எடத்துல இருக்கும்னு நான் வந்துக்கினு கீறேன்." முழங்கையைத் தடவிக்கொண்டார். "கையி தொங்குது. அவ அங்க கெடக்கறா. நான் மொதல்ல இன்னா சொன்னேன் தெரியுமா? அத்த வர்றதுக்குள்ள ரோட்ட கூட்டுங்கடான்னேன். அவள தூக்குங்கடான்னு சொல்லல. கூட்டுங்கடான்னேன்."

ஏரித் தண்ணீர் மதகில் மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கண்ணில் பட்ட இரண்டு முளைகளைப் பிடுங்கி ஏரிப் பக்கம் வீசினார். அது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மா அந்த வழியாகத்தான் கழனிக்குப் போவார்.

"நான் சொன்னா இனிமே நம்பாது. குழாயாண்ட பேசினது காதுலயே கீது அதுக்கு. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா நம்பும். வண்டிதான் தப்புன்னு ஒரு தபா சொல்லு. இல்லன்னா அது ரொம்ப நாளு இருக்காது."

நான் கற்றதற்கு நேர் எதிரானதைச் சொல்லச் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

பெரிம்மா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கரித்துண்டை எடுத்துத் தரையில் ஒரு சக்கரம் வரைந்தேன், இன்னொரு சக்கரம் வரைந்தேன். எடை முன்னால் சாய்வது, பிரேக்குக் கட்டை பிடிப்பது என்று காலேஜ் வார்த்தைகளையெல்லாம் போட்டுச் சொன்னேன். செவலையின் வேகத்துக்கு அதன் பிரேக்குப் பத்தாது என்றேன். ரோட்டில் என்ன கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் அன்றைக்கு அது நின்றிருக்காது என்றேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பெரிம்மா முழுவதையும் கேட்டார். "கறுப்பனா இருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும் பெரிம்மா."

நடையில் நின்றிருந்த மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் தலையைத் தொட்டார். "நல்லா படிச்சிருக்க" என்றார். தட்டை எடுத்துக் கழுவினார். இரண்டு பேரும் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

படிப்பு முடிந்து, செங்கல்பட்டில் எனக்கு வேலை கிடைத்தது. சில வருடங்களில் ரெண்டு வண்டிக்காரர் கழனியில் வரப்பு வெட்டும்போது நெஞ்சு வலித்துப் போய்ச்சேர்ந்தார். எனக்குச் செய்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குள் அந்த மாதிரி வண்டிகள் வருவதே நின்றுபோயிருந்தது. பழையதைத் தேடிப்பிடித்து வாங்குகிற பையன்கள் கிளம்பியிருந்தார்கள். இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்தார்கள். காகிதங்களைப் படித்துப் பார்க்கப் பெரிம்மா என்னை வரச்சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

"அம்மா, ரெண்டையும் நாங்களே எடுத்துக்கறோம்" என்றான் ஒருவன்.

"ஒண்ணுதான் குடுப்பேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. மகளைக் கொன்ற வண்டி இன்றோடு ஒழிந்தது என்று என் அம்மாகூட மூச்சு விட்டாள்.

"கறுப்ப எடுத்துக்கினு போங்க" என்றார் பெரிம்மா. "செவல இருக்கட்டும்."

பையன் குழம்பினான். "டீக்கடைல விசாரிச்சோம். செவப்புக்கு பிரேக்கு சரியில்லன்னு சொன்னாங்க. அத வெச்சிக்கினு நீங்க இன்னாம்மா பண்ணப் போறீங்க?"

"அது மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. அதுவும் கறுப்பன் மாதிரியே நிக்கும்."

கறுப்பனின் சத்தம் ஏரிக்கரை தாண்டி மறைந்தது. தெரு கலைந்தது. செவலை மட்டும் தனியாக நின்றது. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கம்பி எப்போதும்போல மடக்காமல் நீட்டியே இருந்தது. பெரிம்மா கீழே உட்கார்ந்து முந்தானையால் அதைத் துடைத்தார்.

"பெரிம்மா" என்றேன். அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"நான் இழுத்துப் போட்டது எனக்குத் தெரியாதாடி?" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "தெனம் வந்து வண்டி வண்டின்னுவான். நான் துன்னலன்னா அவனும் துன்ன மாட்டான். அதான் சரின்னேன். நீ வந்து கரித்துண்டுல சக்கரம் போட்ட அன்னிக்கி, இந்தப் புள்ளைய வேற கஷ்டப்படுத்தறானேன்னு இருந்துச்சு."

துடைத்து முடித்துவிட்டு, கம்பியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மழ பேஞ்சிக்கீது" என்றார். "மதகாண்ட மொளச்சிருக்கும். நாளைக்கு நான் கழனிக்குப் போவணும். அவனும் இல்ல. நான் பாக்கறதுக்கு முந்தி, நீ போயி புடுங்கிப் போட்டுட்டு வந்துடு."